ரெக்கார்டு நோட்டில் ஒரு பாஸ்போர்ட் ஆபீஸ்

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஏதாவது ஒரு கல்லூரியில் 2000-க்குப் பிறகு கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களிடம், "ஓ.ஓ.ஏ.டி. லேபில் உங்களுக்கு என்ன டைட்டில்?" என்று கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், ஸ்டாக் மெயின்டெனன்ஸ், ஃபாரின் டிரேடிங் என்று சட்டென்று பதில் வரும். "அந்த டைட்டிலிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று அடுத்துக் கேட்டால் யோசிப்பார்கள். அம்பு எந்தப் பக்கம் போட வேண்டும், கோடு எங்கே புள்ளிக்கோடாக இருக்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் நினைவில் நிற்கிறது.

நான் ஊரப்பாக்கத்தில் குடியிருப்பவள். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன் என்ற அந்தப் பாடத்தையும் அதற்கான லேபையும் இந்தச் சாலையோரத்துக் கல்லூரிகளில் நடத்தியிருக்கிறேன். பாடத்திட்டம் மாறியது, கணினி மாறியது, கல்லூரியின் பெயர்ப்பலகைகூட மாறியது. மாணவர் ரெக்கார்டு எழுதும் முறை மட்டும் மாறவே இல்லை. மென்பொருள் மாடலிங் இங்கே எப்படி வந்தது, எப்படிப் படம் வரையும் வேலையாகச் சுருங்கியது, அதைத் திரும்ப யோசிக்கும் வேலையாக மாற்ற என்ன வழி என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். இந்தப் பாடத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிள்ளைகள் அதன் உயிரைத் தொடாமலே பட்டம் வாங்கிப் போவது எனக்கு வருத்தம்.

மாடலிங் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளை எழுத உட்காரும் முன், அது யாருக்காக, அவர்களுக்கு என்ன காரியம் ஆக வேண்டும், அந்தக் காரியத்தில் என்னென்ன பொருள்கள் வருகின்றன, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானங்களைப் பிறரும் பார்த்துக் கேள்வி கேட்கும்படி படமாகவும் குறிப்பாகவும் வைப்பதுதான் மாடலிங். தீர்மானம்தான் அதில் முக்கியம். படம் அதன் சாட்சி.

ரயில் பாதையும் கல்லூரிகளும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. சென்னை கிறிஸ்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யை சி.ராஜம் 1949-இல் தொடங்கினார். அதற்குப் பின் நெடுங்காலம் இந்தப் பாதையில் பெரிதாக எதுவும் சேரவில்லை. எம்.ஜி.ஆர். அரசு 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்ததும் காட்சி மாறியது. அதே ஆண்டு வண்டலூரில் கிரசென்ட், சேலையூரில் பாரத். மறு ஆண்டு காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்.; 1995-இல் மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம்; 1999-இல் வள்ளியம்மை. ஏரியும் வயலுமாக இருந்த ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் மாணவர் விடுதிகளும் ஜெராக்ஸ் கடைகளும் நிறைந்த ஊர்களாயின. காலை நேரத்துச் செங்கல்பட்டு வண்டியில் ஏறினால், மடியில் ரெக்கார்டு நோட்டைப் பிரித்துவைத்து ஸ்கேலால் கோடு போடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பொத்தேரி வந்ததும் பெட்டி பாதி காலியாகிவிடும்.

அந்த முதல் கால மாணவர்களுக்குக் கிடைத்த மாடல் ஃப்ளோசார்ட். வட்டமும் சாய்சதுரமும் வெட்டிய பிளாஸ்டிக் டெம்ப்ளேட்டை வைத்துப் பென்சிலால் வரைவார்கள். கணினி நேரம் அரிதாக இருந்ததால், புரோகிராம் ஓடுமா ஓடாதா என்பதைத் தாளிலேயே நடத்திப் பார்த்தாக வேண்டும். வரைந்தது தப்பென்றால் மறுபடியும் வரிசையில் நின்று முறை வர வேண்டும். அதனால் அந்தப் படத்துக்கு மதிப்பு இருந்தது.

ஃப்ளோசார்ட் கணினிக்கு முன்பே பிறந்தது. தொழிற்சாலையில் ஒரு வேலை எந்தெந்தக் கையாகப் போகிறது என்பதைப் படமாக்கும் முறையை ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்களின் சங்கத்தில் முன்வைத்தார்கள். ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நியூமனும் 1940-களின் பிற்பகுதியில் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த ஒவ்வொரு வரைமுறைக்கும் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. தரவுகள் பெருகி, எதற்கு எது உறவு என்று குழம்பியபோது 1976-இல் பீட்டர் சென் எழுதிய கட்டுரையிலிருந்து ஈ.ஆர். படம் வந்தது. புரோகிராம்கள் ஒருவர் தலைக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த 1970-களின் இறுதியில் டாம் டிமார்கோ போன்றவர்கள் டேட்டா ஃப்ளோ படத்தைப் பரப்பினார்கள். எந்த நிமிடமும் எந்த நிகழ்வும் வரலாம் என்ற அமைப்புகளை விவரிக்க 1987-இல் டேவிட் ஹேரல் ஸ்டேட்சார்ட்டை வெளியிட்டார். இந்த நெருக்கடிகளைச் சொல்லாமல் படங்களை மட்டும் வகுப்பறைக்குக் கொண்டுவந்ததில்தான் எங்கள் பாடத்தின் கதை திசை மாறியது.

மாறாத ஒரு காலமும் இருந்தது. 1990-களில் எம்.சி.ஏ. படித்த என் தலைமுறைக்கு சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் சொல்லிக்கொடுத்த புத்தகங்களில் முக்கியமானது ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன் எழுதியது. மாணவர் விடுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கியவர் அவர். மெஸ்ஸில் நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி வாங்க வேண்டும், எக்ஸ்ட்ரா வாங்கியவர் கணக்கில் அது எப்படி ஏறும், மாதக் கடைசியில் பில் எப்படி வரும் என்பதெல்லாம் விடுதியில் சாப்பிட்ட பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் படத்தோடு சண்டை போட முடிந்தது. "சார், லீவில் ஊருக்குப் போனவனுக்கு இந்தப் படத்தில் எங்கே கழிக்கிறீர்கள்?" என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி எழுந்து கேட்டாள். அன்று அந்த வகுப்பு முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே ஓடியது. மாடலிங் என்றால் எனக்கு இன்றும் அந்த வகுப்புதான்.

மூவர் செய்த மொழி

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறை பரவியபோது ஒவ்வொரு நிபுணரும் தனக்கென்று ஒரு வரைமுறை வைத்திருந்தார். கிரேடி பூச், ஒரே வகைப் பொருள்களைக் குறிக்கும் கிளாஸை மேகம் போன்ற வடிவத்தால் வரைந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த ஜேம்ஸ் ரம்பா ஓ.எம்.டி. என்ற முறையை வைத்திருந்தார். ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளோடு வேலை செய்த இவார் ஜேக்கப்சன், பயனர் என்ன காரியத்துக்காக வருகிறார் என்பதிலிருந்து தொடங்கும் யூஸ் கேஸ் முறையை உருவாக்கினார். ரேஷனல் நிறுவனத்தில் பூச் இருக்க, 1994-இல் ரம்பாவும் 1995-இல் ஜேக்கப்சனும் வந்து சேர்ந்தார்கள். மூவரின் வரைமுறைகளும் கலந்து உருவான யு.எம்.எல். என்ற வரைமொழி 1997 நவம்பரில் ஓ.எம்.ஜி. அமைப்பின் தரநிலையானது. அப்போது அதில் ஒன்பது வகைப் படங்கள். 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பதின்மூன்று; பிறகு பதினான்கு.

இங்கே அது வந்து சேர்ந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2001-இல் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்தன. அதுவரை எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம். மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். கல்லூரிகளின் எண்ணிக்கை பின்னாளில் 500-ஐத் தாண்டியது. பத்தாயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே காலையில் ஒரே கேள்விக்குப் பதினாறு மார்க் விடை எழுதினார்கள். இத்தனை பேருடைய தாள்களைச் சில நாட்களில் திருத்தியாக வேண்டும் என்றால், யோசனையைவிடப் படத்துக்கு மார்க் போடுவது எளிது. அம்பு சரியா, பெட்டி மூன்று அறையாகப் பிரிந்திருக்கிறதா, பயனரைக் குறிக்கும் குச்சி மனிதன் இருக்கிறானா என்று பார்த்து மார்க் போட்டுவிடலாம். மாணவர்கள் கெட்டிக்காரர்கள். எதற்கு மார்க் வருகிறதோ அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2004 ஒழுங்குமுறையில் இந்த லேபின் பெயர் 'கேஸ் டூல்ஸ் லேப்' என்று இருந்தது. 2008-இல் ஓ.ஓ.ஏ.டி. லேப்; 2013-இல் மறுபடியும் கேஸ் டூல்ஸ் லேப். 2008 பாடத்திட்டத்தில் மினி புராஜெக்டுக்காகப் பதினைந்து தலைப்புகள் கொடுக்கப்பட்டன. முதல் தலைப்பு பாஸ்போர்ட் ஆட்டோமேஷன். புக் பேங்க், தேர்வுப் பதிவு, ஈ-டிக்கெட், கிரெடிட் கார்டு, பி.பி.ஓ. மேலாண்மை என்று போய், லைப்ரரிக்குப் பிறகு மாணவர் தகவல் அமைப்பில் முடியும். அந்தப் பட்டியலின் தலையில் இவை பரிந்துரைகள் என்றுதான் எழுதியிருந்தது. கல்லூரி தன் ஊருக்கு ஏற்ற வேறு தலைப்பை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஆனால் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வெளியிலிருந்து வருவார். அவர் பையில் இந்தப் பதினைந்து தலைப்புகளோடு கேள்விச் சீட்டுகள் இருக்கும். பரிந்துரை சட்டமாகிவிட்டது.

அடுத்த வேலையை ஜெராக்ஸ் கடைகள் பார்த்துக்கொண்டன. முந்தைய பேட்ச் அண்ணனின் ரெக்கார்டு, பதினைந்து தலைப்புக்கும் படத்தோடு, ஸ்பைரல் பைண்டிங்கில் கிடைக்கும். லேபில் ரேஷனல் ரோஸ், பிறகு ஆர்கோ யு.எம்.எல்., ஸ்டார் யு.எம்.எல். என்று மென்பொருள் மாறிக்கொண்டே வந்தது. பிள்ளைகள் பக்கத்தில் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, பெட்டியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது முதற்கொண்டு பார்த்து வரைந்தார்கள்.

மாணவர் கண்ணில் மாடல்

அந்த ரெக்கார்டுகளைத் திருத்தும்போது மாணவர்கள் மாடலிங்கை எப்படிப் பார்த்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும். யூஸ் கேஸ் படத்தில் ஒவ்வொரு காரியமும் ஒரு முட்டை வடிவத்துக்குள் இருக்கும்; ஏறக்குறைய எல்லாப் படத்திலும் முதல் முட்டைக்குள் இருப்பது 'லாகின்'. எங்கள் பாடநூலான கிரேக் லார்மனின் புத்தகத்தில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நாள் முழுக்க என்ன செய்தாய் என்று மேலதிகாரி கேட்க, லாகின் செய்துகொண்டிருந்தேன் என்று ஊழியர் சொன்னால் அவருக்குத் திருப்தியாக இருக்குமா என்று கேட்கிறார். இருக்காது என்றால் அது தனி யூஸ் கேஸ் ஆகாது. இந்தச் சோதனையை டூ மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்து எழுதிய அதே பிள்ளை, லேபில் லாகின் முட்டையைத்தான் முதலில் வரைவாள். எழுதியதும் வரைந்ததும் அவள் மனதில் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இரண்டாவது, 'டேட்டாபேஸ்' ஒரு குச்சி மனிதனாக நிற்கும். யார் காரியத்துக்காக வருகிறார், எது அமைப்புக்குள்ளேயே இருக்கிறது என்ற எல்லையைத் தீர்மானிக்காததன் விளைவு அது. மூன்றாவது, கிளாஸ் படம் முழுக்க டேபிள்களின் பட்டியலாக இருக்கும். எந்தக் கிளாஸுக்கு என்ன பொறுப்பு என்ற பேச்சே இராது. பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதற்கு லார்மன் ஒன்பது நெறிகளைக் கொடுத்திருக்கிறார். அவற்றின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பார்கள். புத்தகம் நெடுகிலும் அவர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது ஒரு கடையின் பில் போடும் கவுன்டரும் மோனோபொலி விளையாட்டும். மோனோபொலியை நம் வீடுகளில் 'டிரேட்' என்று விளையாடிய பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அதுதான் இது என்று சொன்னால் முகம் மலரும். அப்படிச் சொல்லிக்கொடுக்கப் பாடவேளை இருக்க வேண்டும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜெஃப் கிரேமர் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சில மாணவர்கள் அழகான, சுருக்கமான மாடலைச் செய்கிறார்கள், அதே அறிவுள்ள வேறு சிலரால் முடிவதில்லை, ஏன் என்று அவர் கேட்கிறார். வேண்டாததை விலக்கி வேண்டியதை மட்டும் நிறுத்தும் ஆற்றலில்தான் வேறுபாடு இருக்கிறது என்பது அவர் கருத்து. அந்த ஆற்றல் படம் வரையும் கையில் இல்லை. விஷயத்தை நேரில் பார்த்து, எதை விடலாம் எதை விடக்கூடாது என்று தடுமாறித் தீர்மானிக்கும்போதுதான் அது வளர்கிறது.

ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு மனைப் படம் போதும். ஒரே நிலத்துக்கு சர்வே துறையின் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் ஒன்று, புரோமோட்டர் கொடுக்கும் லேஅவுட் ஒன்று. எஃப்.எம்.பி.யில் எல்லைக் கல்லும் அளவும் இருக்கும், தெருப் பெயர் இருக்காது. லேஅவுட்டில் முப்பதடி ரோடும் பூங்காவும் இருக்கும். இரண்டும் அதனதன் காரியத்துக்குச் சரி. ஆனால் ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் போன வாய்க்காலை ஒரு படம் விட்டுவிட்டு, அந்தப் படத்தை நம்பி வீடும் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை முடிச்சூரும் வரதராஜபுரமும் ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் 2015 மழையில் பார்த்தன. மாடலில் விட்டதற்கு விலை உண்டு என்று அந்த ஆண்டுக்குப் பிறகு நான் வகுப்பில் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளைகளில் சிலர் மாடியில் இரவைக் கழித்தவர்கள்.

தாம்பரத்தில் நின்ற பாஸ்போர்ட் ஆபீஸ்

ரெக்கார்டில் உள்ள பாஸ்போர்ட் ஆட்டோமேஷனில் விண்ணப்பதாரர், பிராந்திய நிர்வாகி, போலீஸ், டேட்டாபேஸ் என்று நான்கு குச்சி மனிதர்கள் இருப்பார்கள். விண்ணப்பதாரர் ஃபார்ம் கொடுப்பார், நிர்வாகி சரிபார்ப்பார், போலீஸ் விசாரிப்பார், பாஸ்போர்ட் வந்துவிடும். அந்தப் படம் பேட்ச் பேட்சாகக் கைமாறிக்கொண்டிருந்தபோதே, நாட்டில் உண்மையான பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் நடந்துகொண்டிருந்தது. வெளியுறவு அமைச்சகம் 2008-இல் டி.சி.எஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 2010-இல் முதல் சேவா கேந்திரங்களைத் திறந்தது. பின்னர் சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என மூன்று இடங்களில் திறந்தார்கள். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினால் வண்டலூர், பெருங்களத்தூர் தாண்டித் தாம்பரம்.

அந்த டைட்டில் வாங்கிய பிள்ளைகளைத் தாம்பரத்துக்கு அனுப்பும் வழக்கத்தை நான் தொடங்கினேன். அப்பாயின்ட்மென்ட் உள்ளவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி. அதனால் வெளியே காத்திருக்கும் வீட்டாரிடமும் வேலை முடிந்து வருகிறவர்களிடமும் பேசிவிட்டு வரச் சொன்னேன். படம் வரையக்கூடாது; கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை.

உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். ஏ கவுன்டரில் டி.சி.எஸ். ஊழியர் ஆவணங்களை வாங்கிப் படமும் கைரேகையும் எடுப்பார். பி கவுன்டரில் அரசு அலுவலர் சரிபார்ப்பார். சி கவுன்டரில் பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவு செய்யும் அதிகாரி. தனியார் ஊழியர் எதுவரை தொடலாம், அரசு எங்கே தொடங்குகிறது என்ற எல்லைதான் அந்த அமைப்பின் முதுகெலும்பு. ரெக்கார்டில் இருந்த 'நிர்வாகி' என்ற ஒற்றைக் குச்சி மனிதன் அதை முழுசாக மறைத்திருந்தான். போலீஸ் விசாரணையும் எப்போதும் முன்னால்தான் வரும் என்றில்லை. சிலருக்கு முன்னால், சிலருக்குப் பாஸ்போர்ட் கிடைத்த பின்னால், சிலருக்குத் தேவையே இல்லை. அம்பு வரிசை ஒன்றே ஒன்றாக இருக்க முடியாது என்று பிள்ளைகளே வந்து சொன்னார்கள்.

அவர்கள் கொண்டுவந்த கேள்விகளில் சிறந்தது பெயரைப் பற்றியது. எல்லா ரெக்கார்டிலும் விண்ணப்பதாரர் கிளாஸுக்குள் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு வரி இருக்கும். அதை வரைந்த பிள்ளையின் பெயரே இனிஷியலோடுதான் ஹால் டிக்கெட்டில் இருக்கும். தாம்பரத்தில் ஒரு பெரியவர் அவர்களிடம் புலம்பியிருக்கிறார்: பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அவர் நிரூபித்தாக வேண்டும். "மேம், அப்போ பெயர் என்பது விண்ணப்பதாரருக்குள் இருக்கிற வரி இல்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பெயர் இருக்கு. அதெல்லாம் ஒரே ஆளைக் காட்டுதுன்னு யாரோ முடிவு பண்றாங்க. அந்த முடிவுதான் ஒரு கிளாஸ்" என்றாள் ஒரு மாணவி. அவ்வளவு நாளும் அம்பு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பெண் அவள்.

முகவரியும் அப்படித்தான். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டானது. பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாவட்டம், புதுப்பிக்கும்போது வேறு மாவட்டம். ஆள் வீடு மாறினாரா, மாவட்டம் மாறியதா என்பதை அந்த மாடல் எப்படிப் பிரித்துச் சொல்லும்? முகவரிக்குள் மாவட்டத்தை ஒரு வரியாக எழுதிவைத்தால் சொல்ல முடியாது. மாவட்டம் தனிப் பொருள், முகவரிக்கும் அதற்கும் உள்ள உறவுக்கு ஒரு காலம் உண்டு என்று கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு அசோசியேஷன் என்றால் என்ன என்று நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வேலைக்குப் போனவர்கள் சொன்னது

படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள் ஜி.எஸ்.டி. சாலையில் என்னைப் பார்த்தால் நின்று பேசுவார்கள். பலரும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: "ஆபீஸில் யாரும் யு.எம்.எல். வரைவதில்லை மேம். வெள்ளைப் பலகையில் ரெண்டு பெட்டி, ரெண்டு கோடு. அவ்வளவுதான்." இது அவர்கள் அனுபவம் மட்டும் இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியன் பெட்ரே ஐம்பது நிறுவனங்களில் ஐம்பது மென்பொருள் வல்லுநர்களைச் சந்தித்து 2013-இல் எழுதினார். அவர்களில் 35 பேர் யு.எம்.எல்.லைப் பயன்படுத்துவதே இல்லை. பதினொருவர் தமக்கு வேண்டிய படங்களை மட்டும், வேண்டிய அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முழு மனதாக எல்லாவற்றையும் பயன்படுத்தியவர் ஒருவரும் இல்லை.

இதைக் காட்டி, அப்படியானால் பாடத்தையே எடுத்துவிடலாமே என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பலகையில் அந்த இரண்டு பெட்டியை யார் வரைகிறார்கள் என்று அதே பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். குழுவில் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் எழுந்து போய் வரைகிறார். மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். எது பெட்டி, எது வெறும் கோடு, எது படத்திலேயே வேண்டாம் என்று அவர் ஒரு நிமிடத்தில் தீர்மானிப்பதுதான் மாடலிங். பதினான்கு வகைப் படங்களின் இலக்கணம் காலப்போக்கில் மறந்தால் பரவாயில்லை. அந்தத் தீர்மானம் வராவிட்டால் எந்த மொழியில் புரோகிராம் எழுதினாலும் அது தடுமாறும்.

2021 ஒழுங்குமுறையில் அண்ணா பல்கலைக்கழகம் இந்தப் பாடத்தை மென்பொருள் பொறியியலோடு சேர்த்து, லேபையும் அதனுள்ளேயே வைத்துவிட்டது. எனக்கு அதில் குறை இல்லை. தேவையிலிருந்து மாடலுக்கும், மாடலிலிருந்து புரோகிராமுக்கும், அங்கிருந்து சோதனைக்கும் ஒரே மூச்சில் போக இது இடம் தருகிறது. ஆனால் பழைய பதினைந்து தலைப்புகள் புதுப் பெயரிலும் வந்து உட்கார்ந்துகொண்டால் எதுவும் மாறாது. இன்று சாட்ஜிபிடியிடம் ஒரு வரி எழுதினால் பாஸ்போர்ட் ஆட்டோமேஷனுக்கான எல்லாப் படமும் நொடியில் வந்துவிடுகிறது. லாகின் முட்டை உட்பட. ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வேலையும் மிச்சம். படத்துக்கு மார்க் போடும் வழக்கம் இனி எதையும் அளக்காது.

அளக்க வேறு வழி உண்டு. வைவாவில் நான் கேட்டுவந்தது மூன்றே கேள்வி. இந்தப் படத்துக்காக யாரிடம் போய்ப் பேசினாய்? எதை வரையாமல் விட்டாய், ஏன்? நாளைக்கு என்ன மாறினால் உன் படம் உடைந்துபோகும்? நேரில் போய்ப் பார்த்த பிள்ளை இவற்றுக்குத் திக்கித் திணறியாவது பதில் சொல்லும். பார்க்காத பிள்ளையால் சொல்ல முடியாது, எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும்.

இந்தப் பாடத்தை நடத்தும் இளைய ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். தலைப்பை உங்கள் கல்லூரி இருக்கும் ஊரிலிருந்து எடுங்கள். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தெற்கிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கும் ஒரு மூதாட்டி, மாநகரப் பேருந்து எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மூட்டையோடு நிற்கிறார். அவருக்கு உதவும் ஒரு மென்பொருளை மாடல் செய்யச் சொல்லுங்கள். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், ஏரிப் பாசனம் என்று எதை வேண்டுமானாலும் கொடுங்கள். ஒரு வாரம் கருவியைத் தொடவிடாமல் கேள்வியை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். கேள்விக்கு மார்க் போடுங்கள்.

மாணவர்களே, ரெக்கார்டு முடிக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் படம் வரையும் முன் ஒரு தடவை அந்த இடத்துக்குப் போய், அங்கே நிற்பவரிடம் பேசிவிட்டு வாருங்கள். நீங்கள் எழுதப்போகும் மென்பொருளோடு நாளெல்லாம் வாழப்போகிறவர் அவர்தான்.